புகைக்குழாயை மாற்றுமுன்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும் குடியேறிய நம் குடும்பங்களில், வளர்ந்து உத்தியோகம் பார்க்கும் வாலிபர் சிலர் இன்று விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்களை வாங்குகிறார்கள். 1,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள, பந்தய ரக வண்டிகள் அவை. வாங்கிய சில மாதங்களில் அவர்களுக்கு ஓர் ஆசை எழுகிறது. கம்பெனி பொருத்தித் தந்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டுத் தனியே விற்கும் வேறொரு குழாயைப் பூட்ட வேண்டும் என்பதே அது. பெற்றோர் இதை வீண் செலவு என்கிறார்கள். பிள்ளைகளோ சக்தி கூடும் என்கிறார்கள். இரு சாரார் சொல்வதிலும் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இன்று சற்று நிதானமாக ஆராய்வோம்.

புகைக்குழாய் எரிந்த வாயுவை வெளியே விடும் வெறும் குழாய் அன்று. அதுவும் இயந்திரத்தின் ஓர் அங்கமே. நான்கு சிலிண்டர்கள் கொண்ட இயந்திரம் நிமிஷத்திற்கு 9,000 சுற்று சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 75 முறை புகையை வெளியே தள்ளுகிறது. நான்கும் சேர்ந்தால் 300 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் குழாயினுள் அழுத்த அலையாகப் பாய்ந்து, குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தை அடைந்ததும், அதன் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வருகிறது. புகைவழி வால்வு மூடுவதற்குச் சற்று முன்னர் அந்த அலை வந்து சேருமாயின், சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுத்து வெளியேற்றிப் புதுக்காற்றுக்கு இடம் செய்து கொடுக்கும். காலம் தவறி வந்தால் அந்தப் பலன் கிட்டாது. ஆகவே குழாயின் நீளமும் விட்டமும் இயந்திரத்தின் ஏதோ ஒரு வேகத்திற்கே மிக நன்றாகப் பொருந்தும். உச்ச வேகத்தில் சக்தி தரும் குழாய், நகரத்து நெரிசலில் இழுவையைக் குறைத்துவிடவும் கூடும்.

இந்தக் கலையில் பேர்பெற்றவர் ஜப்பானியரான ஹிடியோ யோஷிமுரா. 1969இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 வண்டியில் நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு தனிக் குழாய்கள் இருந்தன. அவ்வகை இயந்திரங்களுக்கு, நான்கையும் ஒன்றாகக் கூட்டும் குழாயமைப்பை 1970களில் பந்தயக் களத்தில் பிரபலமாக்கியவர் அவர். 1978இல் சுசூகாவில் எட்டு மணி நேரப் பந்தயம் முதன்முதலாக நடந்தபோது வெற்றி பெற்றதும் அவருடைய குழுவே. அந்நாளில் குழாயை மாற்றியதால் கிடைத்த ஆதாயம் பெரிது. இன்றோ அந்த நுட்பத்தைத் தொழிற்சாலையின் பொறியியலாளர்களே வண்டியில் அமைத்துத் தருகிறார்கள். வெளியார் தேடிக் கண்டுபிடிக்க எஞ்சியிருப்பது சொற்பமே.

கடைகளில் கிடைக்கும் குழாய்கள் இருவகை. கடைசியில் உள்ள சைலன்ஸரை மட்டும் மாற்றுவது ஒன்று. இதனால் எடை சில கிலோ குறையும், தொனி மாறும். சக்தியில் பெரிய வேறுபாடு எதிர்பார்ப்பதற்கில்லை. சிலிண்டர் வாயில் தொடங்கி முழு அமைப்பையும் மாற்றுவது மற்றொன்று. எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய அறுபது சதவீதமே உள்ள டைட்டானியத்தால் செய்தால் எடை இன்னும் குறையும். ஆனால் முழு அமைப்பை மாற்றும்போது, நச்சுப் புகையை மாற்றியமைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் பெரும்பாலும் கழன்று போகிறது. பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட அந்தச் சாதனம், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகளின்கீழ் வந்த வண்டிகளுக்கு உயிர்நாடி போன்றது. அதனை நீக்கினால் எரிபொருள் அளவைக் கணிக்கும் மின்னணுக் கருவியையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் கலவையில் பெட்ரோல் குறைந்து இயந்திரம் மிகையாகச் சூடேறலாம்.

பொருத்தும் வேலையில் முதல் தேவை பொறுமை. ஓடி வந்த வண்டியின் குழாயைத் தொடலாகாது. முற்றும் ஆற விட வேண்டும். சிலிண்டர் வாயில் உள்ள நட்டுகள் வெப்பத்தாலும் துருவாலும் இறுகியிருக்கும். அவற்றில் துரு நீக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்து மெதுவாகத் திருப்ப வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை எடுக்கும் கூலி பல சமயம் குழாய் மாற்றும் கூலியை மிஞ்சும். ஆக்ஸிஜன் சென்சாரை அதன் கம்பி முறுக்காதபடி கழற்ற வேண்டும். பழைய காஸ்கெட்டைத் திரும்பவும் பயன்படுத்தலாகாது. புதுக் குழாயின் எல்லாப் பகுதிகளையும் முதலில் தளர்வாகவே மாட்டி, ஒன்றோடொன்று இழுபறியின்றி அமைந்ததைக் கண்ட பின்னரே, சிலிண்டர் வாயில் தொடங்கிப் பின்புறம் நோக்கி, முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் கையேட்டில் கண்ட அளவுக்கு இறுக்க வேண்டும். வண்டி வளைவில் சாயும்போது குழாய் தரையில் உராயாதா, சக்கரம் மேலும் கீழும் அசையும்போது இடிக்காதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியில் குழாயின் மேல் படிந்த கைரேகைகளைச் சாராவி நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் முதற்சூட்டிலேயே அவை உலோகத்தில் கறையாகப் பதிந்துவிடும். இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிப்பது திறந்த வெளியிலேயே நடக்க வேண்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்ஸைடு மணமற்றது, உயிரையே வாங்குவது. ஒரு முறை சூடாகி ஆறிய பின்னர் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோர்க்கு, சைலன்ஸர் என்னும் சொல்லே ஒரு நீதியை உரைப்பதாகத் தோன்றும். மௌனமாக்குவது என்பதே அச்சொல்லின் பொருள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதியும், புகை வெளியேறுவதால் எழும் சப்தத்தை இயன்ற அளவு குறைக்கும் சாதனம் ஒவ்வொரு வாகனத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்று தடுக்கிறது. சப்தத்துக்கும் மாசுக்கும் உரிய தரங்களை மீறுவோர்க்கு, முதற்குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. குழாயில் ஐரோப்பிய அங்கீகார முத்திரை இருப்பது மட்டும் இங்கே போதிய பாதுகாப்பு ஆகாது. பறிமுதல் செய்த குழாய்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரால் நசுக்கிய காட்சியைப் பல நகரங்களிலிருந்து வந்த செய்திப் படங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

ஆயினும் அபராதத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபலும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலும் எல்லை என்று வகுத்தன. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்கிறது. இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வரும் ஒரு பிள்ளையின் வண்டி, தெருக்கோடியில் உள்ள நோயாளியையும் தொட்டிலில் உறங்கும் குழந்தையையும் எழுப்பிவிடுகிறது. பிற மாநிலத்தில் வாடகை வீட்டில் வாழும் நமக்கு, அண்டை வீட்டார் இன்னும் முழுமையாக உறவினர் ஆகிவிடவில்லை. அவர்கள் நம்மை அறிவது நம் நடத்தை ஒன்றினாலேயே. அந்த வீட்டுத் தமிழ்ப் பையன் என்று அவர்கள் சொல்லும்போது அச்சொல்லில் அன்பு இருப்பதும் அலுப்பு இருப்பதும் நம் கையில்தான் உள்ளது.

இதனால் வேகத்தின் மீதுள்ள ஆசையைக் குற்றம் சொல்வதாகாது. அதற்கென இடங்கள் உண்டு. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையும், 2023இல் மோட்டோ ஜி.பி. பந்தயம் நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் பந்தயப் பாதையும் அத்தகையவை. பந்தயக் குழாய் வாங்கித்தான் ஆக வேண்டும் என்போர், அதை அத்தகைய களத்திற்கென்று வைத்துக்கொண்டு, கம்பெனிக் குழாயைப் பத்திரமாகப் பாதுகாத்துச் சாலைக்கு வரும்முன் திரும்பப் பூட்டுவார்களாக. வாங்கும் முன்னர், உத்தரவாதமும் இன்ஷூரன்ஸும் பாதிக்கப்படுமா என்பதை எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது விவேகம்.

சக்தி வாய்ந்த இயந்திரம் தன் சக்தியைக் காட்டக் கூச்சலிட வேண்டியதில்லை. வலக்கையைச் சற்றே திருகினால் அதை ஓட்டுபவர் அறிந்துகொள்வார். தெரு முழுவதும் அறிய வேண்டிய அவசியம் இல்லை.