எழுதி வைத்த பட்டியலும் ஓடுகின்ற சர்வரும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் பெங்களூரில் வாழும் நம்மவருள் பலருக்குக் கணினியே சோறிடுகின்றது. ஆகவே அத்தொழிலைப் பற்றித் தமிழில் ஒருவர் பேசட்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் இருபது ஆண்டுகளாகச் சர்வர்களைப் பேணி வருபவன். உணவு விடுதியில் பரிமாறுபவரும் சர்வர்தாமே! என் அன்னையார் நெடுநாள் அவ்வாறே எண்ணி வருந்தியிருந்தார்கள்.

நாம் பணம் அனுப்பினாலும், ரயிலுக்கு இடம் பதிவு செய்தாலும், நம் வேண்டுகோளை ஏற்று விடை தருவன சர்வர் என்னும் கணினிகளே. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் பேக்கேஜ் எனப்படும் மூட்டைகளாக வந்து அமர்ந்துள்ளன. டெபியன் வகை லினக்ஸில் ஏபிடி, ரெட் ஹாட் வகையில் டிஎன்எஃப் ஆகிய கருவிகள் அம்மூட்டைகளைக் கொணர்ந்து பிரித்து வைக்கின்றன. சர்வர் ஒன்றேயானால் கையாலேயே செய்துவிடலாம். நாற்பதானால்? ஒன்றில் மறப்போம், மற்றொன்றில் இருமுறை செய்வோம்.

இக்குறையை நீக்க 1993இல் ஆஸ்லோ நகரில் மார்க் பர்கஸ் என்பார் சிஎஃப்எஞ்சின் என்னும் கருவியை இயற்றினார். 2005இல் லூக் கேனீஸ் பப்பெட்டையும், 2012இல் மைக்கேல் டிஹான் ஆன்சிபிளையும் அளித்தனர். இவற்றின் உயிர்க்கருத்து ஒன்றே: செய்ய வேண்டிய செயலைச் சொல்லாமல், இருக்க வேண்டிய நிலையைச் சொல்லுதல். “குழம்பில் ஒரு கரண்டி உப்புப் போடு” என்று சமையற்காரரிடம் பத்து முறை கூறினால், அக்குழம்பை வாயில் வைக்க இயலுமா? “ஒரு கரண்டி உப்பு இருக்கட்டும்” என்றால், அவர் சுவைத்துப் பார்த்து, இருந்தால் வாளாவிருப்பார். பட்டியலில் நாம் நிலையை எழுதி வைக்கிறோம். கருவி ஒவ்வொரு சர்வரையும் பார்த்து, குறைந்ததை மட்டும் நிறைக்கின்றது.

ஆனால் அந்நிலையை எந்தச் சொல்லால் எழுதுவது? இங்கேதான் நான் இடறி விழுந்தேன். 2012இல் நான் பணியாற்றிய நிறுவனத்தில், தரவுத்தள மென்பொருளுக்கு நேரே ‘லேட்டஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். எப்போதும் புதியது இருக்கட்டும் என்னும் நல்லெண்ணம்தான். பப்பெட் இயல்பாக அரைமணிக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கும். ஒருநாள் முற்பகல் 11 மணியளவில் புதிய பதிப்பு வெளியாயிற்று. அடுத்த அரைமணிக்குள் எல்லாத் தரவுத்தளங்களும் தம்மைப் புதுப்பித்துக்கொண்டு, யாரையும் கேளாமல் நின்று எழுந்தன. மூலமும் படியும் ஒருங்கே! வணிகத்தின் உச்ச வேளை. பாதியில் அறுந்த ஆணைகளை ஒவ்வொன்றாகத் தேடி ஒப்பிட மூன்று நாள் ஆயிற்று. கருவியின்மேல் பிழையில்லை, நான் எழுதியதையே அது செய்தது.

அஞ்சிப்போய் ‘பிரசென்ட்’ என்று மாற்றினேன். அதுவும் போதாது. ஏதோ ஒரு பதிப்பு இருந்தாலே அது நிறைவுறும். சித்திரையில் நிறுவிய சர்வரும் ஐப்பசியில் நிறுவியதும் வெவ்வேறு பதிப்புடன் நிற்க, பட்டியல் மட்டும் ‘யாவும் நலம்’ என்று கூறும். முடிவில், பதிப்பெண்ணையே எழுதத் தொடங்கினேன். அதற்கும் ஒரு விலை உண்டு. பொதுக் களஞ்சியங்கள் பல, புதியது வந்தவுடன் பழையதை அகற்றிவிடுகின்றன. பட்டியலில் கண்ட பதிப்பு கிடைக்காமல் புதுச் சர்வர் பாதியில் நிற்கும். எனவே நாம் பயன்படுத்தும் மூட்டைகளுக்கு நமக்கென ஒரு களஞ்சியம் வேண்டும். எண்ணை எழுதியபின் மறந்து உறங்குதலும் ஆகாது. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் அதனை நாமே மாற்றி, முதலில் ஒரு சர்வரிலும், பின்னர் சிலவற்றிலும், அதன்பின் எல்லாவற்றிலும் செலுத்த வேண்டும்.

இளைஞர்களுக்காக இன்னும் ஒன்று. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை 2014 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்டது; திருத்திய பதிப்பும் அன்றே வந்தது. அன்றிரவே பட்டியலை மாற்றினேன். நாற்பதும் பச்சை நிறம் காட்டின. மறுநாள் வெளியிலிருந்து சோதித்தபோது எட்டுச் சர்வர்கள் இன்னும் கசிந்துகொண்டிருந்தன! வட்டில் புதிய நூலகம் இருந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பழையதையே நினைவகத்தில் பற்றிக்கொண்டிருந்தன. பேக்கேஜ் மாறினால் அதனைச் சார்ந்த சேவையை நிறுத்தித் தொடங்குக என்னும் வரி அந்த எட்டின் பட்டியலில் இல்லை. அவ்வரியைச் சேர்த்த பின்னரே வீடு திரும்பினேன்.

ஐயமுள்ள தம்பி தங்கையர் உணவு இடைவேளையில் என்னைக் காணலாம். அடுத்து நாட்டியத்திற்குக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.