வேண்டாம் என்ற சொல்லுக்குப் பிறகு

(சங்கத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் பேசியது)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். எடுத்ததோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே ஒரு பக்டரியில் பொதி கட்டும் பகுதியில் வேலை. நேர்முகப் பரீட்சை பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, "தோற்றவனிட்டயா கேக்கிறியள்?" என்றேன். "தோற்றவனுக்குத்தான் எங்க வழுக்கும் எண்டு தெரியும்" என்றார். அதனால் வந்திருக்கிறேன்.

போன வருடம் எங்கள் பகுதியில் லைன் லீடர் இடம் ஒன்று காலியானது. விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் கேட்டார்கள்: "நீங்கள் சொன்ன யோசனையை மேலிடம் ஏற்காமல் விட்டதுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" நான் உடனே, "அப்படி ஒன்றும் நடந்ததில்லை" என்றேன். நல்ல பிள்ளை என்று நினைப்பார்கள் என்பது என் கணக்கு. வேலை கிடைக்கவில்லை.

நான் சொன்னது பொய். வெறும் பெட்டிகளை லைனுக்குப் பக்கத்தில் அடுக்கினால் நடை மிச்சம் என்று சுப்பவைசரிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். "வேண்டாம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "எங்கட சொல்லு இவங்களுக்கு ஏறாது" என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். தீ ஒத்திகை நடந்த அன்றுதான் கண்டேன், நான் காட்டிய இடம் அவசர வாசலுக்குப் போகும் வழி!

அதை நேர்முகத்தில் ஏன் மறைத்தேன்? அகதி விசாரணையில் பிடித்த பயம் எங்களை விட்டுப் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கோப்போடு ஒருவர் இருந்தால், குறைவாகச் சொல்லித் தப்பப் பார்க்கிறோம். இது அந்த விசாரணை அல்ல என்பதை மனம் நம்ப நாட்கள் எடுக்கும்.

பிறகு ஒரு கதை வாசித்தேன். பர்மாவின் ரங்கூனில் நடந்தது. இன்று அந்த நகரத்தை யங்கோன் என்கிறார்கள். 1955இல் ஊ நூ பிரதமராக இருந்தபோது, ஈ.எஃப். சூமாக்கர் என்ற பொருளியலாளர் அரசுக்கு ஆலோசனை சொல்ல மூன்று மாதம் அங்கே போனார். அவரும் ஊர் விட்டு வந்தவர்தான். ஜேர்மனியில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சியை வெறுத்து 1937இல் இங்கிலாந்து வந்தார். 1940இல் எதிரி நாட்டான் என்று முகாமில் அடைத்தார்கள். பண்ணையில் தொழிலாளியாகவும் வேலை செய்தார். பின்னர்தான் பிரித்தானிய தேசிய நிலக்கரிச் சபையில் ஆலோசகரானார்.

அமெரிக்க ஆலோசகர்கள் வகுத்த பெரிய திட்டங்கள் பர்மாவில் நடந்த காலம் அது. சூமாக்கர் மாறாகச் சொன்னார்: மேற்கு நாட்டு அளவுகோலால் உங்களை அளக்காதீர்கள், கிராமத்தையும் விவசாயத்தையும் கவனியுங்கள், உங்கள் பௌத்த வாழ்வுக்குப் பொருந்தும் பொருளாதாரத்தைத் தேடுங்கள். இதை அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தார். அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் திரும்பி வந்து 1970 வரை நிலக்கரிச் சபையில் தன் வேலையைச் செய்தார். யோசனையை எறியவில்லை, வளர்த்தார். 1966இல் பௌத்தப் பொருளியல் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கருத்தையும் எடுத்துக்காட்டினார். 1973இல் 'சிறியதே அழகு' என்ற பொருள்படும் பெயரோடு அவருடைய நூல் வந்தது. அந்தக் கட்டுரையும் அதில் இருக்கிறது. ரங்கூனில் எடுபடாத யோசனையை உலகமே வாசித்தது.

அவருடைய யோசனையில் சரக்கு இருந்தது, என்னுடையதில் பிழை இருந்தது. 'வேண்டாம்' என்று கேட்ட நேரத்தில் அது எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே முதலில் ஏன் என்று கேட்கவேணும்.

பிள்ளைகளே, இந்தக் கேள்வி வந்தால் நாலு விஷயம் சொல்லுங்கள். என்ன யோசனை, யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், என்ன காரணத்தால் மறுத்தார்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். நாலாவதுக்குத்தான் புள்ளி. மனேஜரைக் குறை சொல்லாதீர்கள். சம்பளச் சண்டையை இழுக்காதீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். வீட்டிலே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அண்மையில் சுப்பவைசரிடம் திரும்பவும் போனேன். "பெட்டியை மற்றப் பக்கம் அடுக்கலாமா?" என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். இந்த முறை காரணம் கேட்டேன். போர்க்லிப்ட் திரும்பும் இடமாம். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்து வேலையைப் பார்த்தேன்.

சித்திரை முடிய எனக்கு இன்னொரு நேர்முகம் இருக்கிறது. போன முறை சொல்ல ஒன்றுமில்லை என்றேன். இப்போது என் கையில் இரண்டு 'வேண்டாம்' இருக்கிறது.