செவி பழகும் பருவம்



"பிள்ளைகளுக்கு ழகரம் வரவில்லை" என்பது மாட்டுங்கா, தாராவி, செம்பூர் இல்லங்களில் பெற்றோர் கூறும் குறை. "உங்களுக்கு இந்தி வரவில்லையே" என்பது பிள்ளைகளின் எதிருரை. இரண்டிற்கும் வேர் ஒன்றே. அது செவியில் இருக்கிறது.

இருப்புப்பாதை ஊழியராகிய நமக்கு நாள்தோறும் எதிர்ப்படும் சான்று ஒன்றுண்டு. கல்யாண், கார், கோரேகாவ், காட்கோபர் என்னும் நான்கு நிலையங்களையும் தமிழில் ஒரே ககரத்தால் எழுதுகிறோம். மராத்தியில் அவை நான்கு எழுத்துக்கள், நான்கு ஒலிகள். ஊரிலிருந்து புதிதாய் வந்த பெரியவர்க்கு மூச்சு சேர்ந்த ககரமும் சேராத ககரமும் எளிதில் வேறுபட்டுக் கேட்பதில்லை. இங்கே வளரும் சிறுவர்க்கு அது விளையாட்டு.

1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. ஆங்கில இல்லங்களின் குழந்தைகள் இந்தியின் தகர, டகர வேறுபாட்டை 6 முதல் 8 திங்களில் பகுத்துணர்ந்தன. 10 முதல் 12 திங்களில் அத்திறன் பெரிதும் மங்கிற்று. கேட்கும் மொழிக்கேற்பச் செவி தன்னை வரையறுத்துக்கொள்கிறது.

அவ்வாறாயின் முதியோர் கற்க இயலாதா? இயலும். ஆங்கில ரகர லகரங்களைப் பிரித்தறியாத ஜப்பானியப் பெரியோர்க்கு லோகன், லைவ்லி, பிசோனி என்போர் அமெரிக்காவில் பயிற்சியளித்து, 1991இல் முடிவை வெளியிட்டனர். பலர் குரலில் பன்முறை கேட்டுப் பிழை திருத்தியபின் அவர்கள் தேறினர். கண்ணுக்கும் இதுவே நெறி: முதியோரும் பயிற்சியால் அசைவின் திசையை நுட்பமாய் அறியத் தேறுவர் என்று பாலும் செகுலரும் 1986இல் காட்டினர். இளமையில் தானே வருவது முதுமையில் முயற்சியால் வருகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 2003இல் பட்ரீஷியா கூல் குழுவினர் 9 திங்கள் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்பித்தனர். ஆள் நேரில் பேசியபோது குழந்தைகள் அவ்வொலிகளைக் கற்றன. திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை கற்கவில்லை.

ஆதலின், பெரியோரே, பேரக் குழந்தையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி இராதீர்கள். நீங்களே கதை சொல்லுங்கள். ழகரம் பிறழ்ந்தால் நகையாதீர்கள். நெல்லைப் பேச்சிலேயே அது ளகரமாவதுண்டு. நகைத்தால் பிள்ளை தமிழ் பேசுவதையே விட்டுவிடும். வலி, வளி, வழி என மாறிமாறிச் சொல்லி, எது எதுவென்று கேளுங்கள். இளைஞரே, தாத்தாவின் இந்தியை எள்ளாது, அந்த நான்கு ககரங்களையும் அவருக்குப் பொறுமையாய்ச் சொல்லிக் காட்டுங்கள்.

ஞாயிறுதோறும் ஒரு நாழிகை இவ்வாறு ஒருவர்க்கொருவர் ஆசிரியராவோமாக. இல்லையேல் ஒரே கூரையின்கீழ்ப் பாட்டியும் பேத்தியும் பேச்சற்றுப் போவர்.