கதைக்குள் வரும் கடைச்சரக்கு



விளம்பர இடைவேளை வந்ததும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறோம். கதைக்குள்ளேயே விளம்பரம் வந்தால்?

1982-இல் வந்த 'ஈ.டி.' படத்தில், வேற்றுக்கிரகவாசியை ஒரு சிறுவன் மிட்டாய் போட்டு வீட்டுக்கு வரவழைப்பான். அந்த மிட்டாயைத் தயாரித்த ஹெர்ஷி நிறுவனம், படத்தை விளம்பரப்படுத்த 10 லட்சம் டாலர் செலவிட ஒப்புக்கொண்டிருந்தது. மிட்டாய் விற்பனையும் ஏறியது. 1999-இல் வந்த 'தால்' இந்திப் படத்தின் காதல் காட்சியில் கோக்கோ கோலா வந்தது.

பிரிட்டனில் தயாராகும் டிவி நிகழ்ச்சிகளில் காசு வாங்கிக்கொண்டு பொருளைக் காட்டினால், 2011 முதல் திரையில் 'பி' என்ற எழுத்தைப் போட்டாக வேண்டும். காட்டட்டும்; சொல்லிவிட்டுக் காட்டட்டும் என்பதுதான் என் கோரிக்கையும்.

அதுவரை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பேரன் பேத்திகளிடம், "இது கதை இல்லை கண்ணு, விளம்பரம்" என்று நாமே சொல்லிவிடுவோம்.