ஒழுங்கின் அளவுகோல்

'ரூமை டைடியா வை' என்று நம் வீடுகளிலும் புழங்குகிற 'டைடி'க்கு, துடைத்து அடுக்கிய இடம் என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் அச்சொல் காலத்தைப் பற்றிப் பேசப் பிறந்தது. இன்று கடலின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் 'டைட்' பழைய ஆங்கிலத்தில் காலத்தைக் குறித்தது. அதிலிருந்து பிறந்த 'டைடி' இடைக்காலத்தில் உரிய வேளையில் நடந்ததை, பருவத்தோடு அமைந்ததைச் சுட்டியது. பருவத்தோடு வந்தது நல்லதாகத்தானே இருக்கும்? அப்படிப் பொருள் விரிந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நேர்த்தி என்ற இன்றைய பொருளை எட்டியது. நடுவில் வந்த பொருளும் அழிந்துவிடவில்லை: கணிசமான தொகை ஆங்கிலத்தில் 'டைடி ஸம்'; தெற்கு வேல்ஸ் மக்களுக்கு நன்றாக இருப்பதெல்லாம் 'டைடி'.

ஒழுங்குபடுத்தும் கலையை எடைபோடவும் காலமே சரியான அளவுகோல் என்பது என் வாதம். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவாகி, நம்மூர்த் தொழிற்சாலைகளுக்கும் வந்துசேர்ந்த 'ஃபைவ் எஸ்' முறையைப் பாருங்கள். 'ஸெய்ரி' என்ற முதல் படி வேண்டாததைக் கழிப்பது. 'ஸெய்டொன்' என்ற இரண்டாவது, மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் இடம் குறிப்பது. சுவரில் மாட்டிய கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் உருவத்தை வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். ஒன்றை எடுத்தவர் திருப்பி வைக்காவிட்டால் வெற்றுருவம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் தேடி அலைய வேண்டியதில்லை, யாரையும் கேட்கவும் வேண்டாம். அந்தப் பலகையின் அழகெல்லாம் அது மிச்சப்படுத்தும் நிமிடங்களில்தான் இருக்கிறது.

ஒழுங்கு படைப்பாற்றலுக்குப் பகை என்பவர்கள் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்கைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பியவர், மேசையில் அப்படியே விட்டுப்போன கிருமி வளர்ப்புத் தட்டுகளில் ஒன்றில், பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருக்கக் கண்டார். உண்மைதான். ஆனால் அந்தத் தற்செயல் மருந்தாவதற்குப் 10 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி போன்ற ஆய்வாளர்கள் அளந்து, குறித்து, பிரித்தெடுத்த பிறகே 1941இல் நோயாளியின் உடலில் பெனிசிலின் ஏறியது. அலங்கோலத்தில் ஒரு துப்பு கிடைக்கலாம். அது பிறருக்குப் பயன்பட வேண்டுமானால் ஒழுங்கு வந்தே தீர வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: வீட்டில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் ஒரு பெண்ணின் முதுகில் ஏற்றிய சுமை. மறுக்கவே முடியாது. ஆனால் அதே அளவுகோல்தான் இங்கும் தீர்ப்பு சொல்கிறது. கத்தரிக்கோல் எங்கே, ஆதார் அட்டை எங்கே என்று வீடு முழுக்க ஒருவரையே கேட்கிறதென்றால், எத்தனை பளபளப்பாக இருந்தாலும் அங்கே ஒழுங்கு இல்லை. மற்றவர்களின் நேரத்துக்காக ஒருவரின் நேரம் கரைகிறது, அவ்வளவுதான். பொருளின் இடம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்தவரே திருப்பி வைக்க வேண்டும். இவ்விரண்டும் நடக்கிற வீட்டில் செருப்பு சற்றுக் கலைந்து கிடந்தாலும் பரவாயில்லை, அதையே ஒழுங்கான வீடு என்பேன்.