"கண்ணை மூடிக்கிட்டு வாங்கு!"



"என்ஜினியர்தானே, பாலம் கட்டுவதைப் பற்றிப் பேசுவான்" என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது சினிமாப் பாட்டு பற்றி. "மச்சி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று ஒரு ரசிகர் சொல்ல, டீக்காசை மிச்சம் பிடித்து சி.டி. வாங்கி, போட்டுக் கேட்டு முகம் தொங்கிப் போனவர்கள் நம் விடுதியில் ஒரு கூட்டமே உண்டு. காசு போனதோடு நிற்காது. சிபாரிசு செய்தவனோடு பேச்சும் நின்று போகும். எங்கள் பேட்ச்சில் இரண்டு பேர் ஒரு செமஸ்டர் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இத்தனைக்கும் சிபாரிசு செய்தவன் பொய் சொல்லவில்லை. 'மௌன ராகம்' (1986) படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பார்த்தவர்கள் உருகுவதில் பாதி அதன் பின்னணி இசைக்கு. கேசட்டில் வந்ததோ ஐந்து பாட்டு. கார்த்திக் வரும் காட்சிகளின் இசையை அதில் தேடிப் பயனில்லை. காரணம் சாதாரணம்தான். பாட்டை முதலில் பதிவு செய்து, படம் வரும் முன்பே கடைக்கு அனுப்பி விடுவார்கள். பின்னணி இசை சேர்ப்பது எடிட்டிங் முடிந்த பிறகு. 'புன்னகை மன்னன்' (1986), 'பம்பாய்' (1995) மாதிரி தீம் இசையையும் சேர்த்துக் கொடுத்தவை குறைவு.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இன்னும் வேடிக்கை. அதில் பாட்டே கிடையாது. படத்தில் ஒலிப்பது, சினிமாவுக்கென்று செய்யாத இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத் தொகுப்பு. 'வீடு' கேசட் கேட்டுக் கடை கடையாக அலைந்தால் என்ன கிடைக்கும்?

இப்போது கைபேசியிலேயே எல்லாம் கேட்கலாம். ஆனாலும் பழைய இசைத்தட்டு மோகம் திரும்பி, ஒரு தட்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். ஆகவே தம்பிகளே, யாராவது சிபாரிசு செய்தால், "எங்கே கேட்டீங்கண்ணே, தியேட்டர்லயா, தட்டுலயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பக்கத்துத் திருவாலங்காடு. 'காரைக்கால் அம்மையார்' (1973) பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். குன்னக்குடி வைத்தியநாதன் இசை, கே.பி.சுந்தரம்பாள் குரல், அதோடு அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த ஊர், இரத்தின சபை, எல்லாம் சேர்ந்துதான் என் காதில் விழுகிறது. மதுரைப் பக்கத்து அறை நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டான். அவனை வாங்கச் சொல்லவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.