ஆற்றைக் காத்த ஊரின் திரைவிழா



கலை விழிப்பூட்டும், விழிப்பு செயலாகும் என்பது பலரது நம்பிக்கை. கலிபோர்னியாவின் நெவாடா சிட்டி என்னும் சிற்றூரில் அவ்வரிசை மாறியது. அங்கே செயல் முந்தியது. கலை அதன் மகவாய்ப் பிறந்தது.

அவ்வூரை அடுத்து ஓடுவது தெற்கு யூபா ஆறு. பொன்வேட்டைக் காலத்தில் நீரைப் பீய்ச்சி மலைகளைக் கரைத்தனர். கரைந்த மண் யூபாவைத் தூர்த்தது. கழிவு மண்ணை ஆற்றில் விடுவதற்கு 1884இல் நீதிமன்றம் தடை விதித்தது. நூறாண்டு கழிந்தபின் அணைத் திட்டங்கள் அச்சுறுத்தின. அவற்றை எதிர்க்க 1983இல் ஊர்மக்கள் ஆற்றுக் குடிமக்கள் கழகம் கண்டனர். பதினாறாண்டு தளராது உழைத்தனர். 1999இல் ஆற்றின் 39 மைல் நீளம் மாநிலச் சட்டத்தின் காப்பைப் பெற்றது. 'கட்டற்றது, எழில் மிக்கது' என்பது அச்சட்டம் ஆற்றுக்குச் சூட்டிய சிறப்பு.

அந்தப் பெயரையே தாங்கி 2003இல் கழகத்தின் திரைப்பட விழா எழுந்தது. அதன் படங்கள் இன்று பிற ஊர்களுக்கும் செல்கின்றன. ஆங்காங்குள்ள இயக்கங்கள் அவற்றைத் திரையிட்டுத் தொண்டர்களைத் திரட்டுகின்றன. யூபாக் கரையிலோ, ஆண்டுதோறும் செப்டம்பரில் தன்னார்வலர்கள் குப்பை அகற்றுகிறார்கள். அரங்கின் விளக்கு எரிந்ததும் கலைந்துவிடும் கூட்டமன்று அது.

பத்தாண்டு நிறைவு காணும் கவிஞர் அவைக்கு அவ்வூர் விடுக்கும் வினா ஒன்று உண்டு: ஆற்றைப் பாடியவர், அதன் கரையில் இறங்கி நின்றது எப்போது? விடை கூறவல்லவரின் பாட்டில் ஈரம் இருக்கும்.